காயடித்தல்: மாட்டிலிருந்து மனிதர் வரை அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூச்சத்தால் யாரும் வாய்விட்டுக் கேட்காத விஷயம் இது. கேட்காததால் மாடும் ஆடும் தேவையில்லாத வேதனை படுகின்றன, மனிதர்கள் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள். நான் வளர்ந்தது தாராபுரம் பக்கம், எப்போதும் ஒரு ஜோடி மாடு கட்டியிருந்த வீட்டில். அங்கே பார்த்ததையும் பிறகு கால்நடை மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதையும் வைத்து, என்னிடம் பலரும் கேட்ட கேள்விகளுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

காயடித்தல் என்றால் சரியாக என்ன?

காய் என்றால் இங்கே விதை, அதாவது விந்தணுவையும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனையும் உண்டாக்கும் உறுப்பு. அதை நசுக்கியோ அறுத்தோ ரத்த ஓட்டத்தை நிறுத்தியோ வேலை செய்யாமல் ஆக்குவது காயடித்தல். விதையடித்தல், விரையடித்தல் என்றும் சொல்வார்கள், யாழ்ப்பாணப் பக்கம் நலமடித்தல். அரசு அறிக்கைகளில் ஆண்மை நீக்கம். எல்லாம் ஒன்றுதான். ஆனால் விந்து போகும் குழாயை மட்டும் வெட்டினால் அது காயடித்தல் ஆகாது. இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே மனிதர்களைப் பற்றிப் பேசும்போது இதுதான் முக்கியமாக வரும்.

காயடித்த மாட்டுக்கு என்ன பெயர்? காளையும் எருதும் ஒன்றா?

குழப்பம் வருவது நியாயம்தான், ஏனென்றால் பேச்சில் நாம் ரெண்டையும் கலந்துதான் சொல்கிறோம். வண்டியில் பூட்டியிருப்பது காயடித்த மாடாக இருந்தாலும் "ஒரு ஜோடி காளை" என்பார்கள். பிரித்துச் சொல்லவேண்டிய இடத்தில் காயடித்ததை எருது என்றோ, செய்கிற வேலையை வைத்து உழவு மாடு, வண்டி மாடு என்றோ சொல்வது வழக்கம். பசுவோடு சேர்ப்பதற்காகக் காயடிக்காமல் வைத்திருப்பது பொலிகாளை. கொங்கு நாட்டில் அதையே பூச்சிக்காளை என்பார்கள், பூச்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கோயிலுக்கு நேர்ந்துவிட்ட காளையும் ஜல்லிக்கட்டுக் காளையும் காயடிக்காதவை.

பழைய தமிழில் ஏறு என்றால் வீரியம் உள்ள காளை, ஏறு தழுவுதல் என்பதில் வருவது அதுதான். பகடு என்ற சொல் ஏர் உழுகிற, பாரவண்டி இழுக்கிற மாட்டுக்கு வரும், ஆனால் அது காயடித்ததா இல்லையா என்று அந்தச் சொல் சொல்வதில்லை. ஆட்டுக்கு இப்படித் தனிச்சொல் பெரிதாக இல்லை: இனத்துக்கு விட்டது பொலிகிடா, மற்றது காயடித்த கிடா, அவ்வளவுதான்.

எதற்காகக் காயடிக்கிறார்கள்?

மாட்டில் முதல் காரணம் வேலை. காயடிக்காத காளை பசு வாடை பட்டால் ஏரை விட்டுப் போகும், பக்கத்தில் இன்னொரு காளை நின்றால் முட்டும். ரெண்டையும் ஒரே நுகத்தில் பூட்டி நாள் முழுக்க உழுவது கஷ்டம். இரண்டாவது காரணம் இனம்: நல்ல காளையை மட்டும் இனத்துக்கு விட்டுவிட்டு மீதியைக் காயடித்தால் கண்ட சேர்க்கை நடக்காது. காங்கேயம் மாடு இன்றைக்கும் அதே அமைப்போடு இருக்கிறது என்றால் பூச்சிக்காளையைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த பண்ணைக்காரர்களுக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

டிராக்டர் வந்தபிறகு உழவு மாட்டின் தேவை குறைந்துவிட்டது. இப்போது காளைக்கன்றை வளர்த்துக் காயடித்து வேலைக்குப் பழக்குவதைவிட, சின்னதிலேயே விற்றுவிடுகிறவர்கள்தான் அதிகம். எனக்கு இது வருத்தமான விஷயம்.

காயடித்தால் மாட்டின் உடம்பில் என்ன மாறும்?

கண்ணால் பார்க்கலாம். காங்கேயம் கன்று பிறக்கும்போது செம்மை கலந்த நிறம், ஆறு மாதம் வாக்கில் சாம்பல் நிறத்துக்கு மாறும். காளை வளர வளர திமில், கழுத்து, முன்னங்கால், பின்தொடை எல்லாம் கருத்துக்கொண்டே போகும். அந்தக் கருப்பு ஆண் ஹார்மோனால் வருவது. காயடித்த பிறகு அது கொஞ்சம் கொஞ்சமாக வெளிறி, திமிலும் வற்றி, மாடு மயிலை நிறத்துக்கு வந்துவிடும். எங்கள் வீட்டுக் காரிக்காளை ஒன்று அப்படி வெளுத்ததைப் பார்த்து, மாட்டுக்கு ஏதோ நோய் வந்துவிட்டது என்று சின்ன வயதில் அழுதிருக்கிறேன்.

இன்னொன்று உயரம். எலும்பின் நுனியில் வளரும் பகுதி மூடிக்கொள்வதற்கு இனப்பெருக்க ஹார்மோன்கள் வேண்டும். அவை இல்லாவிட்டால் எலும்பு கூடுதல் காலம் வளரும், அதனால் சின்ன வயதில் காயடித்த விலங்குக்குக் கால் நீளமாக இருக்கும். மனிதனுக்கும் இதே கதைதான்.

எந்த வயதில் காயடிக்கலாம்?

எதற்கு வளர்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இழுவை மாட்டுக்குக் கழுத்தும் மார்பும் திரண்டிருக்க வேண்டும், அதற்கு ஆண் ஹார்மோன் கொஞ்ச காலம் வேலை செய்திருக்க வேண்டும், அதனால்தான் ரெண்டு பல் போட்டபிறகு, சுமார் இரண்டு இரண்டரை வயதில் காயடிக்கும் வழக்கம் வந்தது. கறிக்கு வளர்க்கும் ஆட்டுக்கு இரண்டு மூன்று மாதத்திலேயே செய்வார்கள். பொதுவாக, வயது குறையக் குறைய வலியும் ரத்தப்போக்கும் குறைவு. ஆனால் ஆட்டில் ரொம்பச் சீக்கிரம் செய்தால் சிறுநீர்க் குழாய் விரியாமல் நின்றுவிடும், பிறகு தீவனமாகத் தானியத்தை அள்ளிப் போட்டால் கல் அடைத்து மூத்திரம் கட்டி ஆடு சாகும். நிறைய ஆண்டுகள் வைத்து வளர்க்கப்போகிற கிடா என்றால் அவசரப்பட வேண்டாம்.

அந்தக் காலத்தில் எப்படிச் செய்தார்கள்?

சொல்லிலேயே இருக்கிறது, அடித்தார்கள். எனக்கு எட்டு வயது இருக்கும். விடிந்தும் விடியாததுமாக எங்கள் வாசலில் ஒரு நாலு பல் காளையைக் கயிறு சுற்றிச் சாய்த்தார்கள். நாலு காலையும் சேர்த்துக் கட்டி, கொம்பை ஒருவர் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொள்ள, விதைக்கு மேலே உள்ள நரம்பை ரெண்டு மரக்குச்சிக்கு நடுவில் இறுக்கிவைத்து, இன்னொருவர் மரச்சுத்தியால் தட்டினார். தட்டினார் என்றால் ஒன்று இரண்டு இல்லை. மாடு கத்தவில்லை. வாயில் நுரை தள்ளி, கண் மேலே சொருகி, வயிறு ஏறி ஏறி இறங்கியது, அதன் மூச்சில் புழுதி பறந்தது. பிறகு மஞ்சளும் எண்ணெயும் பூசி அவிழ்த்துவிட்டார்கள். எழுந்து நிற்கவே வெகுநேரம் ஆனது, மறுநாளும் தண்ணீர் குடிக்கவில்லை.

அந்த வேலையைச் செய்தவர் கெட்டவர் கிடையாது. அவருக்குத் தெரிந்த முறை அது, அன்றைக்கு எங்கள் ஊரில் வேறு வழியும் கிடையாது. இப்போது வழி இருக்கிறது. அதற்காகத்தான் இதை இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

இப்போது எப்படிச் செய்கிறார்கள்?

மாட்டுக்குப் பெரும்பாலும் பர்டிசோ இடுக்கி. இத்தாலியக் கால்நடை மருத்துவர் பர்டிசோ உருவாக்கியதால் அந்தப் பெயர். நீளமான கைப்பிடி, மழுங்கிய தாடை. தோலை வெட்டாமல், தோலுக்குள் போகும் விந்துக் குழாயையும் ரத்தக் குழாயையும் மட்டும் நசுக்கிவிடும். ரத்தம் போகாததால் விதை சில வாரங்களில் சுருங்கிவிடும். வெளியே புண் இல்லாததால் ஈ மொய்த்துப் புழு வைக்கும் பயம் ரொம்பக் குறைவு, நம் ஊர் வெயிலுக்கு அது பெரிய வசதி.

ஒரு நுணுக்கம் உண்டு. இடது பக்கமும் வலது பக்கமும் நசுக்கும் கோடு ஒரே நேர்கோட்டில் வரக்கூடாது, நடுவில் கொஞ்சம் தோலை விட்டுவிட வேண்டும். ஒரே கோடாக நசுக்கினால் விதைப்பையின் தோலுக்கே ரத்தம் போகாமல் மொத்தமும் அழுகி விழுந்துவிடும். குழாய்கள் நழுவிப்போய் வெறும் தோலை மட்டும் நசுக்கிவிட்டால் மாடு காயடிபடாமலே இருக்கும். "இடுக்கிதானே, நானே வாங்கிவந்து செய்கிறேன்" என்று கேட்பவர்களுக்கு என் பதில், வேண்டாம்.

மருத்துவர் செய்தால் முதலில் மரத்துப்போக லிக்னோகெயின் ஊசி போடுவார், பிறகு வலி குறைய ஒரு ஊசி. அந்த ஊசியைப் போட்டுச் செய்தால் அன்று சாயங்காலமே மாடு தீனி எடுப்பதைப் பார்த்திருக்கிறேன்.

சின்னக் குட்டிக்கு ரப்பர் வளையம் போடலாமா?

போடுகிறார்கள். வளையம் இறுகி, பை மொத்தமும் காய்ந்து சில வாரங்களில் உதிர்ந்துவிடும். மலிவு, ஆனால் வலி நாள்கணக்கில் இருக்கும், காற்று போகாத புண்ணில் டெட்டனஸ் கிருமி வளரவும் இடமுண்டு. பிறந்து சில நாளே ஆன குட்டிக்கு, மருத்துவர் கையால், மரத்துப்போகும் மருந்தும் டெட்டனஸ் ஊசியும் போட்டு என்றால் சரி. வளர்ந்த கிடாவுக்குப் போடுவது கொடுமை.

சட்டம் ஏதாவது சொல்கிறதா?

1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், 11ஆம் பிரிவில், விதித்த முறைப்படி செய்யும் காயடிப்பை வதைக் குற்றத்திலிருந்து விலக்கி வைத்தது. ஆனால் அந்த முறை என்ன என்று பல பத்தாண்டுகள் யாரும் எழுதிவைக்கவில்லை. 2023இல்தான் மத்திய அரசு விதிகளை வெளியிட்டது: பதிவுபெற்ற கால்நடை மருத்துவர்தான் செய்ய வேண்டும், மயக்க மருந்தோ மரத்துப்போகும் மருந்தோ கொடுத்துத்தான் செய்ய வேண்டும். அறுபது வருடம் தாமதம், இருந்தாலும் வந்ததே என்று எனக்கு நிம்மதி.

காயடித்த மறுநாளே பசுவோடு விடலாமா?

கூடாது. ஏற்கெனவே குழாயில் தங்கியிருக்கும் விந்தணுவால் இன்னும் சினை பிடிக்கலாம். ஒரு மாதம் ஒன்றரை மாதம் தனியாகக் கட்டுங்கள்.

காயடித்த கிடாக் கறி ருசி என்கிறார்களே, உண்மையா?

ருசி அவரவர் நாக்கு. ஆனால் வாடை விஷயம் உண்மை. பருவம் வந்த வெள்ளாட்டுக் கிடாவுக்குக் கொம்படியில் வாசனைச் சுரப்பிகள் உண்டு, போதாததற்குத் தன் தாடியிலும் முன்னங்காலிலும் தானே மூத்திரம் அடித்துக்கொள்ளும். அதுதான் அந்த மொச்சை வீச்சம். காயடித்தால் அது வராது, கொழுப்பும் கூடும். பன்றியில் இது இன்னும் தெளிவு: பருவம் வந்த ஆண் பன்றியின் கொழுப்பில் ஆண்ட்ரோஸ்டெனோன், ஸ்கேட்டோல் என்ற இரண்டு பொருள் சேர்ந்து, சமைக்கும்போது மூக்கைத் துளைக்கும். அதற்காகவே உலகம் முழுக்கப் பன்றிக்குட்டிகளைக் காயடிக்கிறார்கள். மரத்துப்போகாமல் அப்படிச் செய்வதை ஜெர்மனி 2021 ஜனவரி முதல் தடைசெய்துவிட்டது.

சேவலுக்கும் உண்டா?

உண்டு. விதை வயிற்றுக்குள், முதுகெலும்பை ஒட்டி இருப்பதால் விலாவைக் கீறித்தான் எடுக்க வேண்டும். அப்படிச் செய்த சேவலுக்கு கேப்பன் என்று பெயர், பிரான்சில் பண்டிகைச் சாப்பாடு. நம் ஊரில் வழக்கமில்லை.

யானைக்கு? மதம் பிடிக்காமல் இருக்கக் காயடிக்கக் கூடாதா?

அடிக்கடி வரும் கேள்வி, நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறார்கள். யானைக்கு விதை வெளியே தொங்காது. வயிற்றுக்குள் ஆழத்தில், சிறுநீரகத்துக்குப் பக்கத்தில் இருக்கும். அவ்வளவு தடித்த உடம்பைத் திறந்து எடுப்பது மிகப்பெரிய, ஆபத்தான அறுவை. தமிழ்நாட்டுக் கோயில்களில் பெரும்பாலும் பெண் யானையாகவே இருப்பதற்கு இந்த மதம்தான் காரணம்.

தெருநாய்க்குச் செய்வதும் இதுதானா?

ஆண் நாய்க்கு விதையை எடுக்கிறார்கள், பெண் நாய்க்குச் சினைப்பையையும் கருப்பையையும் எடுக்கிறார்கள். பெண் நாய்க்குத்தான் பெரிய அறுவை. முழு மயக்கத்தில் நடக்கும், வெறிநோய்த் தடுப்பூசியும் கூடவே போடுவார்கள், செய்த அடையாளமாகக் காது நுனியில் சின்னதாக வெட்டிவிடுவார்கள். உங்கள் தெருவில் காது நுனி வெட்டிய நாயைப் பார்த்தால் அதை அடித்த காயம் என்று நினைக்காதீர்கள். கடிக்கிற நாய் இதனால் உடனே சாதுவாகிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பெட்டைக்காகச் சண்டை போடுவதும் ஊர் சுற்றுவதும் குறையும், பயத்தில் கடிப்பது குறையாது.

ஆண்களுக்குச் செய்யும் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் காயடிப்பதுதானே?

இல்லை. இல்லவே இல்லை. இதற்காகவே இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

வாசெக்டமியில் விதையை யாரும் தொடுவதில்லை. விதையிலிருந்து விந்தணுவைக் கொண்டுபோகும் குழாயை மட்டும் வெட்டிக் கட்டிவிடுகிறார்கள். டெஸ்டோஸ்டிரோன் குழாய் வழியாகப் போவதில்லை, நேராக ரத்தத்தில் கலக்கிறது, அதனால் அது அப்படியே இருக்கும். மீசை, குரல், உடல் பலம், ஆசை, விறைப்பு எதுவும் மாறாது. விந்தும் வழக்கம்போல வரும், ஏனென்றால் அதில் பெரும்பகுதி வேறு சுரப்பிகளிலிருந்து வருவது, விந்தணுவின் பங்கு ரொம்பக் கொஞ்சம். சின்ன ஓட்டை போட்டுச் செய்யும் நவீன முறையில் அரை மணி நேரத்தில் முடிந்து அன்றே வீட்டுக்கு வரலாம். ஒரே எச்சரிக்கை: மூன்று மாதம் வேறு தடுப்பு வேண்டும், அதன்பிறகு பரிசோதனையில் விந்தணு இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். காயடித்த மாட்டைத் தனியாகக் கட்டும் அதே காரணம்தான்.

"காயடிக்கப் போறியா" என்று டீக்கடையில் கேட்கும் ஒரு கேள்விக்குப் பயந்து எத்தனை ஆண்கள் பின்வாங்கியிருக்கிறார்கள்! 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், இந்தியாவில் கருத்தடை அறுவை செய்துகொண்ட பெண்கள் 37.9 சதவீதம், ஆண்கள் 0.3 சதவீதம். பெண்ணுக்கு வயிற்றைத் திறக்க வேண்டும், ஆணுக்குத் தோலில் ஒரு சின்னத் துளை போதும். பிள்ளை பெற்ற உடம்பின் மேல் இன்னொரு அறுவையையும் சுமத்திவிட்டு நாம் ஒரு சொல்லுக்குப் பயந்து ஒதுங்கி நிற்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

மனிதர்களை நிஜமாகவே காயடித்திருக்கிறார்களா?

ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக. பெரும்பாலும் சிறுவர்களை, அவர்கள் சம்மதம் இல்லாமல். அரண்மனை அந்தப்புரத்துக்குக் காவல் வேண்டும், அரசனுக்குத் தனக்கென வாரிசு இல்லாத ஊழியன் வேண்டும் என்பது காரணம். சீன அரண்மனையில் பணிபுரிந்த காயடிக்கப்பட்டவர்களில் கடைசியாக வாழ்ந்த சுன் யாவ்டிங் இறந்தது 1996இல். அவர் வீட்டில் அவரைக் காயடித்த சில மாதங்களிலேயே பேரரசு கவிழ்ந்துவிட்டது.

இத்தாலியில் பாட்டுக்காக. பருவத்துக்கு முன்னே காயடித்த பையனின் குரல்வளை வளராது, ஆனால் மார்புக்கூடு பெரிதாகும், அதனால் பெண் குரல் உயரத்தில் நீண்ட மூச்சோடு பாட முடிந்தது. ஃபாரினெல்லி (1705-1782) அப்படிப் புகழ் பெற்றவர். அவர் மாதிரி ஒருவருக்காக எத்தனை சிறுவர்கள் பாடவும் முடியாமல் வீணாய்ப் போனார்கள் என்பதை யாரும் கணக்கு வைக்கவில்லை. வத்திகானில் பாடிய மொரெஸ்கியின் குரலை 1902, 1904ஆம் ஆண்டுகளில் பதிவுசெய்தார்கள், அதை இன்றும் கேட்கலாம்.

நம் வரலாற்றோடு உரசிப்போன இரண்டு பேர் உண்டு. 1311இல் மதுரைவரை படையெடுத்து வந்த மாலிக் காபூர் காயடிக்கப்பட்ட அடிமையாக இருந்து தளபதி ஆனவர். இன்னொருவர் சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே. யுன்னானில் சிறுவனாகப் பிடிபட்டுக் காயடிக்கப்பட்டு, பிற்பாடு பெரும் கப்பற்படையோடு இந்தியப் பெருங்கடலைச் சுற்றியவர். அவர் இலங்கையின் காலியில் நிறுத்திய 1409ஆம் ஆண்டுக் கல்வெட்டு சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழியில் இருக்கிறது. தமிழ்ப் பகுதி தேவேந்திரமுனைத் திருமாலான தென்னாவர நாயனாருக்குக் கொடுத்த காணிக்கையைச் சொல்கிறது. கல் இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில்.

திருநங்கைகள் என்றால் காயடித்தவர்களா?

தப்பான எண்ணம். தன்னைப் பெண்ணாக உணர்பவர் திருநங்கை, அறுவை செய்தாரா இல்லையா என்பது அதில் சேராது. 2014இல் உச்ச நீதிமன்றமும் பாலின அடையாளத்துக்கு அறுவை கட்டாயம் கிடையாது என்றது. அறுவை செய்துகொள்வதை அவர்கள் நிர்வாணம் என்பார்கள். முன்பெல்லாம் மருத்துவப் படிப்பில்லாத, தாயம்மா எனப்படும் மூத்த திருநங்கை கையால், மயக்க மருந்தே இல்லாமல் நடந்து, சிலர் ரத்தம் போயே இறந்தார்கள். தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகச் செய்ய வழி வந்தது பெரிய மாற்றம். மாட்டுக்குச் சொல்லும் சொல்லை அவர்களுக்குச் சொல்லாதீர்கள்.

சிகிச்சைக்காகச் செய்வது உண்டா?

உண்டு. பிராஸ்டேட் புற்றுநோய் பெரும்பாலும் டெஸ்டோஸ்டிரோனைத் தின்று வளர்வது. அதை நிறுத்தினால் புற்று சுருங்கும் என்று 1941இல் காட்டிய சார்ல்ஸ் ஹக்கின்ஸுக்கு 1966இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று விதையை எடுப்பதற்குப் பதில் மாதம் ஒருமுறை அல்லது மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊசி போடும் வழியும் உண்டு. இதன் பக்கவிளைவாக உடம்பு திடீரென்று சுடும், ஆசை குறையும், எலும்பு தேயும். உங்கள் அப்பாவோ தாத்தாவோ இந்தச் சிகிச்சையில் இருந்தால், அவர் வெளியே சொல்லாமல் உள்ளுக்குள் குன்றிப்போயிருக்க வாய்ப்பு அதிகம். பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள்.

பாலியல் குற்றவாளிகளுக்குத் தண்டனையாகக் கொடுத்தால் என்ன?

ஒவ்வொரு கொடூரத்துக்குப் பிறகும் இந்தக் குரல் எழும், கோபம் எனக்கும் புரிகிறது. ஆனால் பாலியல் வன்முறை ஹார்மோனால் மட்டும் நடப்பது கிடையாது, அதிகாரத்தைக் காட்டுவதற்காகவும் நடக்கிறது. பாலியல் குற்றச் சட்டங்களைத் திருத்த அரசு அமைத்த வர்மா கமிட்டி 2013இல் இதை ஆராய்ந்து வேண்டாம் என்றது. அரசின் கையில் இந்த ஆயுதம் இருந்தால் யார்மேல் பாயும் என்பதற்கு இங்கிலாந்தின் கணினி மேதை ஆலன் டூரிங் போதும்: ஓரினச்சேர்க்கைக் குற்றம் என்று சொல்லி 1952இல் சிறைக்குப் பதில் ஆசையை அடக்க ஹார்மோன் ஏற்றினார்கள், 1954இல் அவர் இறந்தார்.

எங்கள் ஊரில் இன்னும் கட்டையால்தான் அடிக்கிறார்கள். நான் என்ன செய்வது?

பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் முன்கூட்டியே சொல்லி நாள் வாங்குங்கள், நடமாடும் மருத்துவ ஊர்தி பற்றி 1962 என்ற எண்ணில் கேட்கலாம். மழையும் ஈயும் குறைந்த மார்கழி, தை மாதமாகப் பாருங்கள். முந்தின நாள் ராத்திரியே தீனியை நிறுத்திவிடுங்கள், சாய்க்கும்போது வயிறு நிறைந்திருந்தால் உப்பி மூச்சடைக்கும். படுக்கவைக்கும் இடத்தில் கல் பொறுக்கிவிட்டு வைக்கோலைப் பரப்புங்கள். டெட்டனஸ் ஊசியும் வலி ஊசியும் சேர்த்துப் போடச் சொல்லிக் கேளுங்கள், கேட்டால்தான் சில இடத்தில் போடுகிறார்கள். பிறகு பத்து நாள் வேலைக்குப் பூட்டாமல் தினமும் கொஞ்சம் நடக்கவிடுங்கள், வீக்கம் வடியும். அந்தப் பத்து நாளும் மாட்டுக்குப் பழகின ஆள் பக்கத்தில் இருந்தால் நல்லது, எங்கள் மயிலை என் தாத்தா கையால் வைத்தால்தான் முதல் தண்ணீரைக் குடித்தது.